ஆறு நிமிஷம் பின்தங்கிய கடிகாரம்

நேற்று சாயங்காலம் மீஞ்சூரில் ரயில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது. டீ குடிக்கலாமென்று ஸ்டேஷனுக்கு வெளியே வந்தேன். டீக்கடைக்கு அடுத்த ரேடியோ கடையில் யாரோ ஈயம் உருக்கிச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தார்கள். பேஸ்ட் உருகிப் புகைகிற வாசனை வந்தது. கொஞ்சம் பிசின், கொஞ்சம் கருகல். கையில் டீயோடு அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து, "இன்னா சார் வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நானும் உன்னைப் பார்க்க அங்கே நிற்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் நிமிர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

போன வாரம் ஆபீஸில் ஒரு விஷயம் நடந்தது. உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை. எனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். பத்தாவது முடித்ததும் நீ உன் வாப்பாவின் மைக் செட் கடையில் உட்கார்ந்துவிட்டாய். நான் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து தோணியில் வந்து, பஸ் ஏறி, பொன்னேரிக் கல்லூரியில் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் ஓர் ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். வாரம் முழுக்க அங்கே ஒரு ரூம். சனி ஞாயிறு ஊர். குப்பத்தில் எல்லோரும் என்னைப் பெரிய மிஷின் ஓட்டுகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் நைனாவும் வலை காயப்போடும் இடத்தில் அப்படித்தான் சொல்வார். நீ மட்டும்தான் விசாரித்தாய்.

"நீ எழுதறது எங்க போவுது?"

"தாள்ல எழுதிக் குடுப்பேன். பொண்ணுங்க அத அட்டையில ஓட்ட போட்டுக் குடுப்பாங்க. அட்டைக் கட்டக் கொண்டுபோய் ஜன்னல்ல குடுத்துருவேன். மறுநாள் பிரிண்ட் வரும்."

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம்?"

"கண்ணாடி ரூம். அங்கதான் மிஷின் இருக்கும். எங்கள உள்ள விட மாட்டாங்க."

நீ கையிலிருந்த ஸ்பீக்கரைக் கீழே வைத்தாய். "அப்ப நீ அதத் தொட்டதே இல்லயா? மூணு வருஷமா?"

கேலியாகத்தான் கேட்டாய் என்று முதலில் நினைத்தேன். இல்லை. உனக்கு உண்மையாகவே புரியவில்லை. ஆம்ப்ளிபயர் பாடாவிட்டால் நீ பின்பக்கத்தைக் கழற்றி மூக்கை உள்ளே விடுகிறவன். நான் எழுதியது தப்பாகப் போனால் இன்னொரு தாளில் திருத்தி எழுதுகிறவன். அன்றைக்குத் தோணியில் திரும்பும்போது, நான் எழுதும் ஒரு வரி அந்த மிஷினுக்குள் எந்த இடத்தில், எந்தக் கம்பியில், எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய்க் கொஞ்சம் டிரான்ஸிஸ்டர், கொஞ்சம் ரெஸிஸ்டர், நாலு சிவப்பு எல்.இ.டி. விளக்கு வாங்கிக்கொண்டு உன் கடைக்கு வந்தேன்.

சால்டர் இரும்பைப் பிடிக்கத் தெரியாமல் பேனா மாதிரி நுனியில் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். நீ வைக்கிற ஈயம் மீன் செதில் மாதிரிப் பளபளப்பாக உட்காரும். என்னுடையது சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும். "கம்பியச் சூடாக்கு, ஈயத்த இல்ல" என்று நீ சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. பாட்டரியைத் தலைகீழாக மாட்டிப் புகை வரவைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் இணைப்பெல்லாம் பச்சை பூத்துப்போக, நீ வார்னிஷ் டப்பாவைக் கொண்டுவந்து மேலே பூசினாய். கடைசியில் ஒரு விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோய் வந்த கோழி மாதிரி கண்ணச் சிமிட்டுது. இதுக்கு இவ்ளோ சந்தோஷமா?" என்றாய். ஆனால் நீயும் அந்தப் பத்து நிமிஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

பிறகு அந்த மைக்ரோபிராசசர் கிட் வந்தது. பழையது, யாரோ கல்லூரிக்காரர் விற்றது. கையகலப் பலகை, மேலே இருபத்துச் சில்லறை பொத்தான்கள், ஆறு சிவப்பு இலக்கங்கள். அட்டையும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. நோட்டில் எழுதி, ஒவ்வொரு எண்ணாகப் பொத்தானில் அழுத்தி ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அதனால் உன் மைக் செட் பாட்டரியை அதற்குக் கொடுத்தாய். நான் எழுதிய வரி ஒன்று விளக்கை எரியவைத்ததை என் கண்ணால் பார்த்தது உன் கடை மேஜையில்தான். ஆபீஸில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அந்த மாதிரி இருந்ததில்லை.

பள்ளிவாசல் சுவர்க்கடிகாரம் உப்புக் காற்றில் இறுகி நின்றுபோனது அந்த வருஷம்தான். தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் உன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு ஐந்து தடவை கடைக்கு வந்துபோனார். "நாம ஒண்ணு பண்ணலாமா? ஊரே பாக்கற மாதிரி?" என்று நீ கேட்டாய். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, அந்தக் கிட் பலகையை வைத்துத்தான் செய்தோம். வீட்டுக்கு வருகிற கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்கும். அதை எண்ணு. ஐம்பது வந்தால் ஒரு நொடி. இதை உனக்கு விளக்கியபோது நீ கேட்டாய்:

"அது ஐம்பதுதான்னு யாரு எண்ணிப் பாத்தாங்க?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு."

நீ தலையாட்டினாய். நான் மேலே விளக்கிக்கொண்டு போனேன்.

தை மாதம் முழுக்க அது உன் கடையில் ஓடியது. ரேடியோவில் நேரம் சொல்லும்போது ஒத்துப் பார்த்தோம். நாலு நொடி, ஐந்து நொடி, அதற்குமேல் வித்தியாசம் இல்லை. பங்குனியில் மரப்பெட்டி செய்து, கண்ணாடி போட்டு, பள்ளிவாசலில் மாட்டினோம். இருட்டிலும் சிவப்பாக எரியும் எண்களைப் பார்க்கத் தொழுகை முடிந்தும் ஆட்கள் நின்றார்கள். தொழுகை நடத்தும் ஹஜ்ரத் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "டிக் டிக்குனு சத்தமே வரலியே, இது ஓடுதுன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார். நீ நொடி எண்ணைக் காட்டினாய்.

அந்த வருஷம் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. விடியுமுன் சாப்பிடுகிற சஹர் முடியும் நேரத்தைப் பள்ளிவாசல் மைக்கில் சொல்வது உன் வேலை. நீ சொன்னால் ஊர் சாப்பாட்டை நிறுத்தும். கொஞ்சம் பொறுத்துப் பாங்கு வரும். எல்லாவற்றுக்கும் நம் கடிகாரம்தான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் நான் வந்தபோது நீ ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டிக்குள் கையை விட்டு நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாய்.

"இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. டெய்லி ஒரு நிமிஷம் பின்னால போவுது. சில நாள் ரெண்டு. ரேடியோ பாத்து ஏத்தி வச்சிருவேன்."

"எத்தன நாளா?"

"நோன்பு ஆரம்பிச்சதுலேர்ந்து. எதுனா கனெக்‌ஷன் நான் சரியா வைக்கலியோன்னு…"

எனக்குக் கோபம் வந்தது. தப்பு இருக்கிறது என்பதற்காக அல்ல, நீ அதைத் தொட்டதற்காக. நான் எழுதியதில் தப்பு இருந்தால் அதை முழுசாகப் பார்க்க வேண்டும், நீ இப்படித் தினமும் துடைத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கத்தினேன். "ரெண்டு நாள் தொடாத. அப்படியே விடு. ஞாயித்துக்கிழம வந்து நான் பாக்கறேன்."

"நோன்பு நேரம்டா."

"ஒரு நிமிஷந்தானே. அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது."

நீ ஸ்டூலிலிருந்து இறங்கினாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் நீ முதல் தோணியில் எங்கள் குப்பத்துக்கு வந்தாய். கரையில் நைனாவோடு நான் வலை உதறிக்கொண்டிருந்தேன். நீ நைனாவிடம் ஏதோ பேசிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாய்.

"ஆறு நிமிஷம்."

"இன்னா ஆறு நிமிஷம்?"

"கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னாடி. ரேடியோ ஆரம்பிச்சதும் பாத்தேன். சஹர் முடிஞ்சிதுன்னு நான் சொன்னப்ப முடிஞ்சி ஆறு நிமிஷம் ஆயிருக்கு. ஊரே சாப்பிட்டுக்கினு இருந்திருக்கு."

உன் கைக்கடிகாரம் என்ன ஆனது என்று கேட்டேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய். அது ஆறு நிமிஷம் முன்னால் காட்டியிருக்கிறது. "இதுதான் ஓவரா ஓடுதுன்னு நெனச்சேன். அத எழுதினது நீயாச்சே" என்றாய். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாய்.

அப்போது நான் சொன்னதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்திருக்கிறேன். "யாருக்கும் தெரியாது இல்ல? வுடு. இன்னிக்கே போய்ச் சரி பண்ணிடலாம். தெரியாம சாப்பிட்டது தப்பாவாது."

நீ ஏரியைப் பார்த்தபடி நின்றாய். பிறகு, "அது தப்பா இல்லயான்னு சொல்றது ஹஜ்ரத் வேல. நடந்தத சொல்றது என் வேல" என்றாய். "என் குரலக் கேட்டுத்தான் சாப்பிட்டாங்க."

தோணி திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தது. நீ ஏறினாய். என்னைக் கூப்பிடவில்லை. நானும் ஏறவில்லை. வலையை உதற இன்னும் பாதி இருந்தது. அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன்.

மதியத் தொழுகைக்குப் பிறகு மைக் சத்தம் தண்ணீரைத் தாண்டி எங்கள் குப்பம்வரை வந்தது. பாங்கு நேரமில்லையே என்று நைனா தலையைத் தூக்கினார். உன் குரல். நாலு வரிதான். இன்று சஹர் முடிந்த நேரத்தை ஆறு நிமிஷம் தாமதமாகச் சொல்லிவிட்டேன், கடிகாரத்தைத் திருத்தாமல் விட்டது நான், தப்பு என்னுடையது, என்ன செய்ய வேண்டும் என்பதை ஹஜ்ரத் சொல்வார். அவ்வளவுதான். என் பெயர் அதில் இல்லை.

நைனா என்னைப் பார்த்தார். "அது நீ பண்ண கடிகாரம் இல்ல?" என்று கேட்டார். அடுத்த தோணியைப் பிடித்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது பள்ளிவாசல் வாசலில் நீ நின்றிருந்தாய். உன்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அந்த நிமிஷங்களில் சாப்பிட்டவர்கள் இன்றைய நோன்பையும் முடிக்க வேண்டும், பெருநாளுக்குப் பிறகு அதற்கு ஈடாக ஒரு நாள் களா நோன்பும் பிடிக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். "இந்த வெயில்ல இன்னொரு நாளா? எம் பொண்ணு பால் குடுக்கறவ" என்று ஒரு அம்மா உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருவன், "பொம்மைய வச்சி ஊர ஏமாத்திட்டான்" என்றான். அதையும் கேட்டுக்கொண்டாய்.

நான் நேரே ஹஜ்ரத்திடம் போனேன். திருத்த வேண்டாமென்று சொன்னவன் நான்தான், தப்பு என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "காலைலேர்ந்து அவன் அவன்துன்றான். நீ உன்துன்ற. அந்தப் பொட்டிக்கு இன்னா நோவுன்னு ரெண்டு பேர்ல யாருனா பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பார்த்தோம். பெட்டியைக் கழற்றித் துணியில் சுற்றி உன் கடைக்குக் கொண்டுவந்தோம். நோட்டிலிருந்த ஒவ்வொரு வரியையும் நான் படித்தேன். எங்கேயும் தப்பு இல்லை. எண்ணுவது சரியாக இருந்தது, கூட்டுவது சரியாக இருந்தது. தையில் ஒத்துப்போனது சித்திரையில் எப்படிப் பின்தங்கும்? பகலில் பார்த்தால் உன் கைக்கடிகாரத்தோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே ஓடியது. விளக்கு வைத்த பிறகுதான் மெல்ல மெல்லப் பின்னால் போகும் என்றாய். புரோகிராமுக்குப் பகலென்றும் இருட்டென்றும் தெரியாதே என்று புலம்பினேன்.

நீ அலமாரியிலிருந்த ரெக்கார்டுகளைப் பார்த்துவிட்டு, "பாட்டுகூட அப்படித்தான்" என்றாய்.

"எந்தப் பாட்டு?"

"கோடையில, சாயங்கால நேரத்துல ரெக்கார்டு போட்டா பாட்டு இழுக்கும். பாடறவருக்குச் சளி புடிச்ச மாதிரி இருக்கும். காலைல அதே ரெக்கார்டு நல்லா இருக்கும். வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். மோட்டார் தேஞ்சிடுச்சின்னு நெனச்சிக்குவோம்."

நோன்பு மாதத்தில் சினிமாப் பாட்டு வேண்டாமென்று ஒரு பக்திப் பாட்டு ரெக்கார்டை எடுத்தாய். அப்போது மதியம் மூன்று மணி இருக்கும். உன் கைக்கடிகாரத்தில் நான் நொடி பார்த்தேன். பாட்டு மூன்று நிமிஷம் இருபத்தோரு நொடி. நோன்பு திறந்து, கஞ்சி குடித்துவிட்டு, விளக்கெல்லாம் எரிகிற நேரத்தில் அதே பாட்டை மறுபடி போட்டாய். மூன்று நிமிஷம் இருபத்தாறு நொடி. நம்பாமல் இன்னொரு தடவை போடச் சொன்னேன். இருபத்தாறுதான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஐந்து நொடி. கரண்ட் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் விளக்கும் ஃபேனும் போட, நொடிக்கு ஐம்பது என்பது ஐம்பதாக இல்லை. குளிர்காலத்தில் யாரும் ஃபேன் போடவில்லை, அதனால் ஒத்துப்போனது. திருத்தாமல் விட்ட அந்த இரண்டு ராத்திரியும் புழுக்கம் அதிகம், அதனால்தான் ஒரு நிமிஷம் ஆறு நிமிஷமானது. நீ அன்றே கேட்டாய், யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று. நான் புத்தகத்தைக் காட்டினேன். உன் அலமாரியிலிருந்த ரெக்கார்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவு பெரிய தப்பு நடந்த நாளில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கும் இருந்தது. அதற்காக இரண்டு பேரும் கொஞ்சம் வெட்கப்பட்டோம்.

மருந்து அந்தப் பலகையிலேயே இருந்தது. மைக்ரோபிராசசர் ஓடுவதற்கென்று பக்கத்தில் ஒரு கிரிஸ்டல், நகம் அளவு வெள்ளித் தகரப் பெட்டி. யார் ஃபேன் போட்டாலும் அது தன் கணக்கில்தான் துடிக்கும். வீட்டுக் கரண்டை விட்டுவிட்டு அதை எண்ணும்படி மாற்றி எழுதினேன். இத்தனை மாதம் கண்ணுக்கு எதிரே இருந்ததை, அவ்வளவு சின்னது எப்படி நம்பகமாக இருக்கும் என்று நான் ஒதுக்கியிருந்தேன்.

ஆனால் பள்ளிவாசலில் அதை உடனே திரும்ப மாட்டவில்லை. பெருநாளுக்குப் பிறகு வந்த இரண்டு கல்யாணங்களுக்குப் பொன்னேரியிலிருந்து மைக் செட் வந்தது. நீ கடை வாசலில் நின்று அந்த வண்டி போவதைப் பார்த்தாய். "அவன் ஸ்பீக்கர் கரகரன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னாய். உன் மனைவிதான் என்னிடம், "ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல அண்ணே?" என்று ஒருநாள் கேட்டாள். அதையேதான் நானும் சொன்னேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நோன்புக்கு முன்னால் ஹஜ்ரத்தே ஆள் அனுப்பினார். உன்னைத் திட்டிய அம்மாதான், "தப்புன்னா வந்து சொல்றவன் வச்ச கடிகாரம் தேவல" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். இதை மோதினார் நம்மிடம் சொன்னபோது நீ ஸ்பீக்கருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ தேடினாய்.

அதன் பிறகும் மூன்று நோன்பு உன் குரல் சஹர் நேரம் சொன்னது. பிறகு ஒரு கல்யாண வீட்டில், மைக் டெஸ்ட் செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்தாய். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குச் செய்தி வரும்போது அடக்கம் செய்திருந்தார்கள்.

போன வார விஷயம் இதுதான். ஒரு தொழிற்பயிற்சித் தேர்வின் முடிவுகளை எங்கள் ஆபீஸில் அச்சடித்துக் கொடுத்தோம். மதிப்பெண் வராது, தேறியவர் எண் மட்டும் வரும். பட்டியல் போய் இரண்டு மாதமாகிவிட்டது. வேறு வேலைக்காக என் பழைய புரோகிராமைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. ஒரு பாடத்தில் நாற்பதும் அதற்கு மேலும் என்று எழுத வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் என்று எழுதியிருக்கிறேன். சரியாக நாற்பது வாங்கியவர்கள் எல்லோரும் தோற்றதாகப் போயிருக்கிறது. தேடிப் பார்த்தேன். பதினோரு பேர்.

யாரும் புகார் செய்யவில்லை. செய்யவும் மாட்டார்கள். தோற்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டு எங்கேயோ இருப்பார்கள். அந்தத் தாளை டிராயரில் வைத்து மூடிவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்து, கை கழுவிக்கொண்டு வந்தேன். டிராயரைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்கு நடந்தேன். எங்கள் ஆபீஸ் வராந்தா ரொம்ப நீளம். பாதியில் ஒருமுறை நின்றேன். அன்றைக்குத் தோணி கிளம்பியபோது நான் கரையில் நின்றேனே, அதுதான் ஞாபகம் வந்தது.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "இத யாரு கேட்டாங்க உங்கள?" என்றார்.

"யாரும் கேக்கல சார். நான் எழுதினது. தப்பா எழுதிட்டேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார், இன்க்ரிமெண்ட் தள்ளிப்போகலாம் என்று பிரிவில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் திருத்திய பட்டியல் நேற்று அச்சானது. இப்போது எங்களைக் கண்ணாடி அறைக்குள் விடுகிறார்கள். பிரிண்டர் பக்கத்தில் நின்று பதினோரு எண்களும் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.